மடவார் வளாகத்தில் நின்ற பஸ்

ஒவ்வொரு மே மாதமும் எங்கள் வேன் ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும் முன் மடவார் வளாகம் பக்கம் நெரிசலில் நிற்கும். அப்போது எதிரே வருகிற ராஜபாளையம் பஸ்களுக்கு நான் கையைக் காட்டுவேன். ஒரு பஸ் விடாமல், எல்லாவற்றுக்கும். முதல் வருடம் டிரைவர் சிரித்தார். அடுத்த வருடம், "அத்தைக்கு வேண்டியவிய யாரோ கண்டக்டரா இருக்காக போல" என்றார். இப்போது அவர் ஒன்றும் கேட்பதில்லை. பின்னால் இருக்கிற பிள்ளைகளும் என்னோடு சேர்ந்து காட்டுகிறார்கள். ஐம்பது வயதுக்காரி ஜன்னல் வழியே கையை ஆட்டுவதைப் பார்த்துப் பஸ்ஸில் இருக்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். திருப்பிக்கொள்ளட்டும், எனக்கென்ன.

ராஜபாளையத்தில் ஒரு கிறிஸ்தவ சபை நடத்துகிற பெண் குழந்தைகள் இல்லத்தில் நான் வார்டன். நான் கோயிலுக்குப் போகிறவள், நெற்றியில் விபூதி இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பாதவள். வேலை கேட்டுப் போன அன்றே இதைப் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன். பெரியம்மா என்பது இல்லத்தின் தலைவி. "தலை பின்னத் தெரியுமா, பேன் பாக்கத் தெரியுமா, காய்ச்சல் வந்தா முழிச்சிருப்பியா? அது போதும், வா" என்றார். பிள்ளைகள் என்னை அத்தை என்று கூப்பிடுவார்கள். யாரையும் அம்மா என்று கூப்பிடக் கூடாது என்பது இல்லத்து விதி. ஏனென்றால் அவர்களில் பாதிப் பேருக்கு அம்மா இருக்கிறாள். மில்லுக்குப் போகிற அம்மா, தோப்பு வேலைக்குப் போகிற அம்மா, வேறு கல்யாணம் ஆகிப் போன அம்மா. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை அந்த அம்மாக்கள் பார்க்க வரலாம்.

எழுதாத விதிகளும் இரண்டு இருந்தன. யார் போட்டது என்று கேட்காதீர்கள். நான் வருவதற்கு முன்பே இருந்தன, நானும் பிடித்துக்கொண்டேன். வெளியே கூட்டிப்போகும்போது ஒரு பிள்ளை, "அந்தா எங்கம்மா" என்று சொன்னால் மறுக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. "ஆமா, ஆமா" என்று சொல்லிவிட்டு நடக்க வேண்டும். தினமும் ஒருத்தியாவது பார்ப்பாள். காந்தி கலை மன்றத்துப் பக்கம், மார்க்கெட்டில், ஆஸ்பத்திரி வாசலில். செத்துப்போன அம்மாவைக் கூட ஒருத்தி ரேஷன் கடை வரிசையில் பார்த்திருக்கிறாள். மறுத்தால் நடுரோட்டில் உட்கார்ந்து அழும். ஒன்று அழுதால் இல்லத்தில் இருக்கிற பத்தொன்பதும் அழும்.

இன்னொரு விதி இது. பிள்ளை இல்லாத நேரத்தில் அம்மா வந்துபோய்விட்டால், வந்தாள் என்று சொல்லக் கூடாது. வந்தாள் என்றால் ஒரு வாரம் அழும், வரவில்லை என்றால் ஒரே நாளில் தீர்ந்துவிடும். கேட்பதற்குக் கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. நானும் சரி என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் சொல்லவந்த பிள்ளைக்கு ஊர் கூமாப்பட்டி. அப்போது எட்டு வயது, மூன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். அப்பா இல்லை. அம்மா தென்னந்தோப்பில் கூலி. எந்த மாதமும் தவறியதில்லை அந்த அம்மா. வத்திராயிருப்பு வந்து, அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், அங்கிருந்து ராஜபாளையம் என்று மூன்று பஸ் மாறி பத்து மணிக்கெல்லாம் வாசலில் நிற்பாள். அதிகம் பேசமாட்டாள். மகளை மடியில் போட்டு நகம் வெட்டிவிட்டு, தலையைப் பிரித்து மறுபடி பின்னுவாள். நான் பின்னியது அவளுக்குப் பிடிக்காது. அதில் எனக்கு லேசான கோபம் கூட உண்டு.

சபைகள் எல்லாம் சேர்ந்து நடத்துகிற கோடை முகாம் வத்திராயிருப்புக்கு மேற்கே, மலையடியில் ஒரு தோப்புக்குள் நடக்கும். வழக்கமாக மே மாதக் கடைசி வாரம். அந்த வருடம் இடம் கிடைப்பதில் ஏதோ குழப்பம், இரண்டாம் சனிக்கிழமையே தொடங்கும் என்று புதன்கிழமைதான் சொன்னார்கள். அதாவது அம்மாக்கள் வருகிற நாள். வரவேண்டாம் என்று எல்லாருக்கும் போன் செய்தேன். அந்த அம்மாவுக்கு மட்டும் சொந்த போன் இல்லை. பக்கத்து வீட்டு நம்பர்தான் கொடுத்திருந்தாள். அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டு முறை அடித்தேன். மூன்றாம் முறை அடிக்கவில்லை. பத்தொன்பது மஞ்சள் பனியன்களுக்குப் பெயர் எழுதுகிற வேலையில் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூமாப்பட்டிப் பிள்ளை என் பின்னாலேயே சுற்றினாள். "அத்தே, எங்கம்மாட்ட சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு. அடுத்த வாரம் வருவாக" என்றேன்.

மறுநாள் காலை கிளம்பினோம். சிறியவர்கள் முன் இருக்கைகளில், பெரியவர்கள் பின்னால். பாட்டு, கைதட்டல், யாரோ ஒருத்தி வாந்தி. மடவார் வளாகத்தில் வழக்கம்போல நெரிசல். எங்கள் வேனுக்கு நேர் எதிரே ராஜபாளையம் போர்டு போட்ட பஸ் ஒன்று நின்றது. ஜன்னலும் ஜன்னலும் பக்கத்துப் பக்கத்து வீடு போல. நான் வாந்தி எடுத்தவளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"அத்தே! எங்கம்மா! அந்தா பஸ்ல! பச்சச் சேல!"

இரண்டாம் சனிக்கிழமை. காலை ஒன்பது மணி. ராஜபாளையம் போகிற பஸ். மூன்றையும் கூட்டிப் பார்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை. நான் தலையை நிமிர்த்தவே இல்லை. "ஆமா ஆமா, உங்கம்மாதான். உக்காரு" என்றேன். உடனே வேனில் இருந்த மற்றதுகளும் ஆரம்பித்துவிட்டன. எங்கம்மா கறுப்புச் சேலை, எங்கம்மா கண்டக்டர் பக்கத்துல, எங்கம்மாதான் டிரைவர் என்று ஒரே கூத்து. அவள் மட்டும் சிரிக்கவில்லை. தோள்வரைக்கும் கையை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய் அந்தக் கையில் ஒரு அடி போட்டேன். "கைய உள்ள இழுட்டி. லாரி வருது." பஸ் நகர்ந்தது, நாங்களும் நகர்ந்தோம்.

முகாமில் மூன்று நாள். கிதார் வைத்துக்கொண்டு துள்ளுகிற அண்ணன்மார், கையை ஆட்டி ஆடுகிற பாட்டுகள், மத்தியானம் எலுமிச்சை சாதம். அவள் எதிலும் சேரவில்லை. தோப்பின் ஓரத்தில் நின்று வடக்கே கையைக் காட்டி, "அத்தே, எங்க ஊரு அங்கிட்டுதான் இருக்கு. செத்த தூரந்தான். ஒரு எட்டு போய் அம்மா வீட்ல இருக்கான்னு பாத்துட்டு வந்துருவமா?" என்றாள். முகாமிலிருந்து பிள்ளையை வெளியே கூட்டிப்போக எனக்கு அனுமதி இல்லை என்று சொன்னேன். அது உண்மைதான்.

அவள் விடுவதாயில்லை. குளிக்கும்போது, சாப்பிடும்போது, படுக்கை விரிக்கும்போது ஒரே பேச்சு. "நெசமா பாத்தேன் அத்தே. எங்கம்மாவேதான்." இரண்டாம் நாள் மத்தியானம் எனக்கு வெயிலும் தலைவலியும். "ஏட்டி, பொய் சொல்லக் கூடாதுன்னு இப்பத்தான ஒரு மணி நேரம் கதை சொன்னாக? காதுல விழலயா?" என்று கத்திவிட்டேன். அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள். அதற்கு மேல் பஸ் பேச்சை எடுக்கவே இல்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

திங்கட்கிழமை சாயங்காலம் இல்லத்துக்குத் திரும்பினோம். பிள்ளைகள் உள்ளே ஓடியதும் காவல்காரப் பெரியவர் என்னை வாசல் கேட்டுப் பக்கம் கூப்பிட்டார்.

"தாயி, அந்தக் கூமாப்பட்டிப் பிள்ளையோட அம்மா சனிக்கிழம வந்துச்சு" என்றார்.

"என்ன சேலை கட்டியிருந்தா?" என்று கேட்டேன்.

"சேலையா? பச்சைன்னு நெனைக்கேன். ஏன்?"

அந்த அம்மா கையில் துணிப்பையோடு வந்திருக்கிறாள். ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் எடுத்திருக்கிறார்கள், சாயங்காலம் நாலு மணிக்கு ராஜபாளையத்திலிருந்து ஜீப்பில் கேரளம் போகிறாளாம். போவதற்கு முன் மகளிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். கேம்ப் போயிருக்காக, திங்கக்கிழமதான் வருவாக என்று பெரியவர் சொன்னதும் வாசல் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். எந்த வழியாகப் போனார்கள் என்று கேட்டிருக்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வழியா, வெள்ளை வேன்ல, மஞ்சப் பனியன் போட்டுக்கிட்டு என்று இவர் சொல்லியிருக்கிறார்.

"அதக் கேட்டதும் நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு அழுதுச்சு தாயி. வழியில ஒரு வேன்ல ஒரு பிள்ள கைய காட்டுச்சாம். எனக்கு எந்தப் பிள்ளையப் பாத்தாலும் எம்பிள்ள மாதிரிதான் தெரியும், அப்படித்தான்னு நெனச்சு உக்காந்திருந்துட்டேனே, திருப்பி ஒரு கையக் காட்டலயேன்னு சொல்லிச் சொல்லி அழுதுச்சு. கிறிஸ்துமசுக்கு வந்துருவேன்னு பிள்ளைட்ட சொல்லுங்கன்னுச்சு. பொறவு ஜீப்புக்கு நேரமாச்சுன்னு போயிருச்சு."

ஒரு பை கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். இரண்டு மாம்பழம், ஒரு டப்பா பால்கோவா. மாம்பழம் மூன்று நாள் வெக்கையில் அழுகிவிட்டது. வருகைப் பதிவேடு என் அலமாரியில் பூட்டிக் கிடந்ததால் அவள் வந்ததற்கு ஒரு கையெழுத்து கூட இல்லை.

நான் வாசல் பக்கம் நின்றுகொண்டிருக்கும்போதே பிள்ளை மஞ்சள் பனியனோடு வந்தாள். என்னைக் கேட்கவில்லை. என்னைக் கேட்பதை விட்டிருந்தாள். "தாத்தா, எங்கம்மா வந்துச்சா?" என்று பெரியவரைக் கேட்டாள். பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் விதி தெரியும்.

"வரல" என்றேன் நான்.

அவள் தலையாட்டினாள். அழக்கூட இல்லை. விதியின் கணக்குப்படி ஒரு நாளாவது அழவேண்டும். அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பால்கோவாவைப் பத்தொன்பது பேருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிக் கொடுத்தேன். "சபையில குடுத்தாக" என்றேன். அவளுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக வைத்தேன். அதைச் சாமர்த்தியம் என்று நினைத்தேன், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அம்மா கேரளம் போன விஷயத்தைப் பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் பிள்ளையின் கோப்பில், தாய் வெளியூர் வேலை என்று ஒரு வரி எழுதினார். அடுத்த மாதம் வந்ததும் அந்த அம்மாவே மகளிடம் பேசிக்கொள்வாள், என் பொய்யும் கரைந்துவிடும் என்று நான் இருந்தேன். ஜூன் இரண்டாம் சனிக்கிழமை வரவில்லை. ஜூலையிலும் இல்லை. கிறிஸ்துமசுக்கு மகள் காலையிலேயே தலை குளித்துவிட்டுத் தலை பின்ன என்னிடம் வராமல் இருந்தாள். மத்தியானம் மூன்று மணிக்குமேல் சீப்பை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். கூமாப்பட்டியில் ஆள் விட்டு விசாரித்தோம். வீடு பூட்டிக் கிடக்கிறது, ஏலத்தோட்டத்துக்குப் போனவர்களில் சிலர் திரும்பினார்கள், அவள் வேறு எங்கோ வேலைக்குப் போனதாகச் சொன்னார்கள். கோப்பில் இன்னொரு வரி ஏறியது, தொடர்பில்லை என்று. தை மாதம் காவல்காரப் பெரியவரும் இறந்துபோனார். அந்தச் சனிக்கிழமை நடந்தது தெரிந்த ஆள் நான் ஒருத்திதான் மிச்சம்.

ஒவ்வொரு மாதமும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? அதற்குப் பயந்து அடுத்த மாதம் என்று தள்ளுவேன். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். எனக்கு ஒன்பது தேவைப்படவில்லை, வாயை மூடிக்கொண்டு இருந்ததே போதுமானதாக இருந்தது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே போகும்போது மற்ற பிள்ளைகள் அந்தா எங்கம்மா என்று கத்துவார்கள். அவள் ஒருநாளும் கத்தவில்லை. வேனில் ஜன்னல் ஓர இடத்தை விட்டுக் கொடுத்துவிட்டு நடுவில் உட்கார்ந்துகொள்வாள். பஸ் கடந்து போகும்போது தன் மடியைப் பார்ப்பாள்.

அடுத்த மே மாதம் மறுபடி முகாம். அதே தோப்பு, அதே எலுமிச்சை சாதம். கடைசி நாள் மத்தியானம் ஒரு நிகழ்ச்சி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தான் செய்த பாவத்தை ஒரு சீட்டில் எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு மரச் சிலுவை. முகாம் அண்ணன் அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாக அதில் ஆணி வைத்து அடிப்பார். அடித்தால் பாவம் தீர்ந்தது. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு அப்படி என்ன பாவம் இருக்கும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் என் வேலை ஆணிப் பெட்டியை வைத்துக்கொண்டு நிற்பது. நின்றேன்.

அவள் சீட்டோடு என்னிடம் வந்தாள். எதையும் பிழையில்லாமல் எழுத வேண்டும் அவளுக்கு. "அத்தே, சரியா இருக்கான்னு பாருங்க" என்று நீட்டினாள்.

குண்டு குண்டு எழுத்தில் இப்படி இருந்தது: போன வருசம் பஸ்சில் அம்மாவைப் பார்த்தேன் என்று பொய் சொன்னேன்.

அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பம்புசெட் பக்கம் போனேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி ஓரத்தில் உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். நீ பொய் சொல்லல. அது உங்கம்மாதான். அன்னைக்கு இல்லத்துக்கு வந்துச்சு. கேரளத்துக்கு வேலைக்குப் போகுது, உன்கிட்ட சொல்லத்தான் வந்துச்சு. நான்தான் வரலன்னு பொய் சொன்னேன். பாவம் எனக்குத்தான், உனக்கு இல்ல. நான் அழுதுகொண்டே சொன்னேன். அவள் அழவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஏதோ ஒன்று மெல்லத் திறப்பது எனக்குத் தெரிந்தது.

கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "அம்மா என்னையப் பாத்துச்சா அத்தே?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, பார்த்தும் நீதான் என்று நம்பாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. ஒரு வருடம் பட்டினி கிடந்த பிள்ளைக்குச் சோற்றில் கல்லோடு கொடுக்க மனமில்லை. "பாத்துச்சு. உனக்குக் கையக் கூடக் காட்டுச்சாம்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். திறந்தது மூடியது.

"இல்ல அத்தே. அது கையக் காட்டல. நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன். நான் அம்புட்டு நேரம் காட்டுனேன், அது ஒரு தடவ கூடக் காட்டல" என்றாள். பிறகு, பள்ளிக்கூடத்தில் விடை சொல்வதுபோலத் தெளிவாகச் சொன்னாள். "எங்கம்மாவா இருந்தா காட்டியிருக்கும்."

நான் பதறிப்போய் உண்மையைச் சொன்னேன். காட்டவில்லைதான், நீ என்று தெரியாமல் இருந்துவிட்டாள், அதற்காக வாசல் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள், காவல்காரத் தாத்தாவிடம் சொன்னாள், நீ தின்ற பால்கோவா அவள் கொடுத்ததுதான் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

"அது சபையில குடுத்ததுன்னு சொன்னீங்க" என்றாள். "இப்பத்தான் கையக் காட்டுச்சுன்னும் சொன்னீங்க." அவள் குரலில் கோபமே இல்லை. தன் பாவாடை நுனியால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். "பரவால்ல அத்தே. எனக்காகத்தான சொல்லுதீக. அழாதீக."

இறங்கி நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். சிலுவைப் பக்கம் வரிசை முடிந்திருந்தது. அண்ணன் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் யாராவது உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் சீட்டை நான்காக மடித்து, ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையை என் பக்கம் நீட்டினாள்.

"ஆணி குடுங்க அத்தே."

பெட்டி என் கையில்தான் இருந்தது. கொடுத்தேன்.